அத்தையோட எலிக்கு அப்பா கட்டுன வூடு

எங்க வூட்ல எலிக்கு மரியாத கெடையாது. மல்லாட்டை, அதான் வேர்க்கடல, போடற வூட்ல எப்பிடி இருக்கும்? விதைக்கறப்ப மண்ண நோண்டி ஒரு பந்தி சாப்புடும். காய் முத்தறப்ப ரெண்டாம் பந்தி. புடுங்கி, காயவெச்சி, மூட்ட கட்டி வூட்டுக்குள்ள அடுக்குனா, மூட்டையில ஓட்ட போட்டு மூணாம் பந்திக்கும் வந்து உக்காந்துரும். எங்கப்பா எலின்னு பேரு சொல்லவே மாட்டாரு. 'அவனுங்க' தான். "அவனுங்க நேத்து வந்துட்டு போயிக்கிறானுங்க"ம்பாரு. புதுசா கேக்கறவன் பங்காளி சண்டன்னு நெனச்சிக்குவான்.

தெனம் சாயங்காலம் மூட்டைங்களுக்குப் பக்கத்துல கம்பிப் பொறி வெப்பாரு. உள்ள ஒரு கருவாட்டுத் துண்டு. காலைல எழுந்ததும் பல்லு கூட வெளக்காம பொறிய தான் பாப்பாரு. மாட்டியிருந்தா அப்பிடியே தூக்கிக்கினு பின்னாடி மாட்டுக் கொட்டாய் தாண்டி தண்ணித் தொட்டிக்கு போவாரு. பொறியோட ஒரு முக்கு. வேல முடிஞ்சிது. அப்புறம் தான் டீ. நான் அப்ப ஆறாவது. படிச்சிக்கினு இருந்தேன்னு சொல்ல மாட்டேன், ஸ்கூலுக்கு போய் வந்துக்கினு இருந்தேன். காலைல அந்த முக்கு பாக்கறது தான் எனக்கு டிவி.

அந்த மாதிரி வூட்டுக்கு, விழுப்புரத்துல கட்டிக் குடுத்த எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, ஒரு நாளு மத்தியானம் ஒரு எலிய கையில புடிச்சிக்கினு வந்து எறங்குச்சி.

திண்டிவனத்துல மாறி, பிரம்மதேசம் போற டவுன் பஸ்ஸ புடிச்சி வந்துருந்துச்சி. தோள்ல ஒரு பெரிய துணிப் பை. கையில பொட்டிக்கடையில முட்டாய் போட்டு வெப்பாங்களே, அந்த பிளாஸ்டிக் டப்பா. மூடியில ஆணியால குத்துன ஓட்டைங்க. உள்ள கிழிச்சிப் போட்ட பேப்பர்.

"இன்னா அத்தை, ஊறுகாயா?"

"உசுருடா. ஆட்டாம புடி."

டப்பாவ தூக்கி பாத்தேன். பேப்பருக்கு நடுவுல கட்டவெரல் அளவுக்கு ஒண்ணு உருண்டுக்கினு கெடந்துது. சாம்பக் கலரு, முதுகுல ஒரு கறுப்புக் கோடு, ரெண்டு மொளகு ஒட்டுன மாதிரி கண்ணு. திருப்பித் திருப்பி பாக்கறேன், வாலக் காணம். எனக்கு ஒரே பேஜாராப் போச்சி. எலின்னா வாலு வேணும். வாலு இல்லாத எலிய எங்க புடிச்சி தூக்கி எறியறது?

"இது எலி இல்லடா, ஹாம்ஸ்டர். அதுலயும் குள்ள சாதி. இதுக்கு மேல வளராது"ன்னுச்சி அத்தை. "பேரு சீடை."

எலிக்கு பேரு வெச்ச மொத ஆளு எங்க பரம்பரையில எங்க அத்தை தான்.

அம்மா வாசப்படியில நின்னு அத்தையோட பைய பாத்துச்சி, டப்பாவ பாத்துச்சி, மூஞ்சிய பாத்துச்சி. "மாப்ள வரல?"ன்னு கேட்டுச்சி. "வேல இருக்குது அண்ணி." "எத்தினி நாளு இருப்ப?" "பாப்பம்." அவ்ளோ தான். அம்மா உள்ள போயி ஒலையில இன்னும் ரெண்டு கை அரிசிய அள்ளிப் போட்டுச்சி. சாயங்காலம் பக்கத்து வூட்டுக்காரி வந்து துருவித் துருவி கேட்டப்ப, "அவ மாமியாருக்கு அந்த எலி நாத்தம் புடிக்கலியாம்"னு சொல்லி முடிச்சிருச்சி. நான் கூடவே உக்காந்துக்கினு கேட்டேன், முழுசா நம்புனேன். எலி நாறுது, மாமியா கத்துனாங்க, அத்தை கெளம்பி வந்துருச்சி. இதுல புரியாததுக்கு இன்னா இருக்குது?

அன்னிக்கி அப்பா திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்ட ஏத்திக்கினு போயிருந்தாரு. வர லேட் ஆச்சி, நாங்கல்லாம் தூங்கிட்டோம். அதுக்கு முன்னாடி அத்தைக்கு ஒரு கவல. இது பகல்ல தூங்கும், இருட்டுனா தான் ஓடியாடும், டப்பாவுல ஓட எடம் பத்தாது, மூச்சி முட்டும். விழுப்புரத்துல இருந்த கூண்ட எடுத்தார முடியல. அம்மா சிரிச்சிக்கினே, "எலிக்கு கூண்டா? அது எங்க வூட்ல இல்லாம எங்க இருக்கும்?"னு எங்கப்பாவோட பொறிய தூக்கியாந்து வெச்சிருச்சி.

அத்தை மொதல்ல மூஞ்ச சுளிச்சிது. அப்புறம் வேற வழியில்லாம சுடுதண்ணி ஊத்தி கழுவி, கதவு பட்டுனு அடிக்காம சணல்ல கட்டி, பேப்பர் போட்டு, நாலு மல்லாட்டைப் பருப்ப வெச்சி சீடைய உள்ள வுட்டுச்சி. கம்பி வலை பொடி வலை தான், பூந்து போவாது. எல்லாம் சரியாத் தான் இருந்துது. அம்மா அந்த பொறிய எடுத்து வெச்ச எடம் தான் கோளாறு. கைப் பழக்கம். தெனம் வெக்கற எடத்துலயே வெச்சிருச்சி, மூட்டைக்குப் பக்கத்துல.

காலைல நான் ஒண்ணுக்கு எழுந்து போறேன், அப்பா பொறிய ஆட்டிக்கினு தொட்டிப் பக்கம் போய்க்கினு இருக்காரு. நானும் வழக்கம்போல பின்னாடியே ஓடுனேன், டிவி பாக்க. மாட்டுக் கொட்டாய் கிட்ட போனப்ப தான் தூக்கம் தெளிஞ்சிது.

"அப்பா, அது நம்ப எலி."

"எல்லாம் நம்ப எலி தான். நம்ப மல்லாட்டைய தான தின்னுது."

"அத்தையோட எலிப்பா."

பொறி தண்ணிக்கு ஒரு சாண் மேல நின்னுச்சி. அப்பா அத மூஞ்சிக்கு நேரா தூக்கி பாத்தாரு. பொறியில மாட்டுன காட்டு எலி பேயாட்டம் ஆடும், கம்பிய கடிக்கும், கத்தும். இது ரெண்டு காலால எழுந்து உக்காந்துக்கினு, கன்னத்துக்குள்ளேர்ந்து ஒரு பருப்ப வெளிய எடுத்து, அப்பாவ பாத்துக்கினே கொறிக்குது. அவரு வாழ்க்கையில இந்த மாதிரி ஒரு எலி அவர மதிக்காம இருந்ததே இல்ல.

அதுக்குள்ள அத்தை ஓடியாந்துச்சி. தல அவுந்து கெடக்குது, கால்ல செருப்பு இல்ல. வந்த வேகத்துல பொறிய புடுங்கி மடியில வெச்சிக்கினு அந்த சாணித் தரையிலயே உக்காந்து அழ ஆரமிச்சிது. சும்மா கண்ணு கலங்கறதுல்லாம் இல்ல. ஒடம்பே குலுங்குது. எனக்கு ஒரு மாதிரியா ஆயிருச்சி, கூடவே கொஞ்சம் சிரிப்பும் வந்துது. ஒரு எலி. அதுவும் சாவல. இதுக்கு இம்மாம் அழுவையா?

அப்பா கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னாரு. "நான் பாக்கலம்மா. பொறியில இருந்துது"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சி, "நீ எப்பம்மா வந்த?"ன்னாரு. அப்பா அத்தைய பாத்துக்கினே நின்னாரு, ரொம்ப நேரம். அப்புறம் போயி கை கால் கழுவிக்கினு வந்து, டீய வாங்கி கையில வெச்சிக்கினு, யாரையும் பாக்காம சொன்னாரு:

"அதுக்கு ஒரு வூடு பண்ணணும்."

அன்னிக்கே வூட்டுக்குள்ள இருந்த பொறிங்க, மூல முடுக்குல வெச்சிருந்த எலி மருந்து கேக்கு எல்லாத்தையும் அவரே குனிஞ்சி குனிஞ்சி பொறுக்கி எடுத்துக்கினு போயி கழனியில போட்டுட்டு வந்தாரு. மூட்டைங்களுக்குப் பின்னாடி இருந்த ஒரிஜினல் எலிங்களுக்கு அன்னிலேர்ந்து தீவாளி.

வூட்டு வேல மறுநாளே ஆரம்பம். ஊருல எவனோ ரெடிமேடு கடைய காலி பண்ணிட்டு போனான், அங்க பழைய கண்ணாடியும் பிளைவுட்டும் கெடச்சிது. அப்பா ஆசாரி இல்ல, ஆனா மாட்டுக் கொட்டாய், கோழிக் கூண்டு எல்லாம் அவரு கை தான். நடு ரூம்ல, பழைய பொட்டி டிவிக்கு கீழ, எல்லாத்தையும் பரப்பிப் போட்டுக்கினு உக்காந்தாரு. அத்தை பக்கத்துல உக்காந்து சொல்லும், அவரு செய்வாரு. சுண்டுவெரல் நொழையற சந்து இருந்தா போதும், இது ஓடிரும். அதனால மேல மட்டும் பொடி கம்பி வலை. அடியில ஒரு மொழம் ஆழத்துக்கு மெத்த மாதிரி எதனா போடணும், உள்ள பூந்து வளை தோண்டும். உமி போடலாம்னாரு அப்பா. தூசி ஆவாது, தும்மும்னுச்சி அத்தை. ஆசாரி கடையில மரச் சீவலு வாங்கியாந்து, அதோட என் கணக்கு நோட்ட எல்லாம் கிழிச்சி போட்டோம். அந்த நோட்டு ஒருத்தனுக்கு உபயோகப்பட்டது அது தான் மொதலும் கடேசியும்.

குளிக்கறதுக்கு மண்ணு வேணும்னுச்சி. தண்ணியில குளிக்காதாம், மண்ணுல பொரளுமாம். நான் ஜல்தியா கைய தூக்கி, "பொம்மையார்பாளையம் போயி பீச்சு மண்ணு அள்ளியாரேன்"னேன். உப்பு மண்ணு ஆவாதுடான்னு அத்தை என் பிளான அங்கயே ஒடச்சிருச்சி. ஏரி மண்ண சலிச்சி, அம்மா அத வாணல்ல போட்டு வறுத்துச்சி. "மல்லாட்டை வறுக்க மண்ண வறுத்துருக்கேன். எலி குளிக்க மண்ண வறுக்கறது இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டதுல தான் பாக்கறேன்"னு பொலம்பிக்கினே தான், ஆனா பதமா வறுத்துச்சி.

இப்ப என் கத. எனக்கு சீடை மேல ஆச வந்துருச்சி. உள்ளங்கையில வெச்சா, பருப்ப ஒண்ணொண்ணா கன்னத்துக்குள்ள தள்ளிக்கினு, மூஞ்சி தலகாணி மாதிரி உப்பிக்கினு என்ன பாக்கும். ஸ்கூல்ல எவன்கிட்டயும் இது இல்ல. ஆனா அத்தை போறப்ப இதுவும் போயிரும். அதுவும் நாத்தம் வராத மாதிரி நல்ல வூடா கட்டிட்டா மாமியாரு வாய் அடஞ்சிரும், அத்தை அடுத்த பஸ்ஸுல கெளம்பிரும். அதாவது அப்பா வேகமா வேல செய்யச் செய்ய எனக்கு தான் நஷ்டம். ரெண்டு நாளு யோசிச்சேன். என் மண்டைக்கு அது பெரிய யோசன. கடேசியில ஒரு வழி கெடச்சிது. வூடு பஸ்ஸுல ஏறக் கூடாது. அவ்ளோ தான் மேட்டரு.

அப்பா மொதல்ல போட்ட அளவு ஒரு டிரங்குப் பொட்டி அளவு தான். நான் மெதுவா ஆரமிச்சேன். "அப்பா, இது ராத்திரியில ரொம்ப தூரம் ஓடுமாம்பா, அத்தை தான் சொல்லுச்சி. இதுல ஓடுனா செவுத்துல மோதிக்காது?" அப்பா கொஞ்ச நேரம் பலகைய பாத்தாரு. "ஆமா, மோதும்"னு இன்னொரு பலகைய சேத்தாரு. மறுநாளு, "மாடி இருந்தா நல்லா இருக்கும்பா"ன்னேன். மாடி வந்துச்சி. "மாடிக்கு ஏறிப் போவ சாய்வா பாத வேணும்பா, செங்குத்தா இருந்தா வுழுந்துரும்." பாத சாய சாய அகலம் தன்னால ஏறுச்சி. அப்பா ஒரு தடவ கூட வாணாம்னு சொல்லல. புது சட்ட கேட்டா நூறு கேள்வி கேக்கற மனுசன், கட்டவெரல் எலிக்கு நான் கேட்டதெல்லாம் கட்டிக்கினு இருந்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெரும. அப்பாவ இவ்ளோ ஈசியா ஏமாத்தலாம்னு தெரியாம இத்தினி வருசம் போச்சேன்னு வருத்தம் கூட பட்டேன்.

அம்மா வழியில காலு இடிக்கறப்ப எல்லாம் கேக்கும், "இது எலி வூடா, எலெக்சன் ஆபீசா?"

ஒரு நாளு சாயங்காலம் கண்ணாடி ஒட்டிக்கினு இருந்தாங்க. அத்தை பசை தடவிக்கினே, தலைய தூக்காம, அப்பாகிட்ட சொல்லுச்சி: "லேப் வேலைக்கு போறேன்னு கேட்டேன்ணா. படிச்சது மறந்து போவுதுன்னு கேட்டேன். வூட்ல பொழுது போறது கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டியது தானன்னு மறுநாளே பாண்டிச்சேரி போயி இத வாங்கியாந்து குடுத்தாரு."

அப்பா கண்ணாடிய நேரா புடின்னாரு.

நான் அத கேட்டு அப்பிடியே மலச்சிப் போயிட்டேன். மாமா எவ்ளோ நல்லவரு. வேலைக்கு போறேன்னு சும்மா கேட்டதுக்கே ஹாம்ஸ்டரு வாங்கி குடுக்கறாரு. மறுநாளு காலைல அப்பா முன்னாடி போயி நின்னேன். "அப்பா, நானும் வேலைக்கு போலாம்னு இருக்கேன்"னேன். அப்பா என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, ஒரு மொறம் மல்லாட்டைய முன்னாடி தள்ளி தோல ஒரிடான்னாரு. வெரலு வீங்கிப் போச்சி. ஆளுக்கு ஆளு வித்தியாசம் இருக்குதுன்னு அன்னிக்கி புரிஞ்சிது.

வூடு முக்கால்வாசி முடிஞ்சிருந்தப்ப மாமா போன் பண்ணாரு. அப்பா போன சார்ஜ்ல போட்டுட்டு கழனிக்கு போயிருந்தாரு, நான் எடுத்தேன்.

"டேய் மருமவனே. அத்தை இன்னா பண்ணுது?"

"எலிக்கு வூடு கட்டுது மாமா. அப்பா கட்டறாரு, அத்தை மேஸ்திரி."

மாமா சிரிச்சாரு. "எம்மாம் பெருசு?"

"நான் உள்ள படுக்கலாம். மாடி இருக்குது. கண்ணாடி வெச்சிக்கிது. இனிமே நாத்தமே வராது, உங்கம்மாவுக்கு சொல்லிருங்க."

அந்தப் பக்கம் சத்தம் இல்ல. லைன் கட் ஆயிருச்சின்னு நெனச்சி அலோ அலோன்னேன்.

"இருக்கேன்டா. அத்தை எதனா சொல்லுச்சா? எப்ப வருதுன்னு."

"அது இன்னும் கிரகப்பிரவேசமே ஆவல மாமா. நீங்க வராம எப்பிடி? ஜோடியா தான உக்காரணும். பாலு காய்ச்சறோம், வந்துருங்க."

எங்க மாமாவ நான் எப்பவும் இப்பிடி தான் ஓட்டுவேன், அவரும் திருப்பி ஓட்டுவாரு. அன்னிக்கி ஓட்டல. "வரேன்டா. வண்டியோட வரேன்"னு வெச்சிட்டாரு.

ஞாயித்துக்கெழம வந்தாரு. வண்டியோட தான். நான் போன்ல சொன்ன அளவ கேட்டுட்டு ஒரு குட்டியானை லோடு வண்டிய வாடகைக்கு எடுத்துக்கினு, கூட டிரைவரையும் கூட்டிக்கினு வந்துருந்தாரு. எலிக்காக யானை வந்துருக்குதுன்னு நான் தெரு பூரா ஓடிப் போயி சொல்லிட்டு வந்தேன். திரும்பி வர்றப்ப தான் ஒறச்சிது. பஸ்ஸுல ஏறாதுன்னு கணக்கு போட்டேனே ஒழிய, லாரிய பத்தி யோசிக்கவே இல்ல. கணக்கு நோட்ட கிழிச்சது எவ்ளோ தப்புன்னு அப்ப தெரிஞ்சிது.

மாமா கெட்டவரு இல்ல. இப்ப நெனச்சாலும் அப்பிடி தான் சொல்லுவேன். அயர்ன் பண்ண சட்ட, கையில பூ, ஸ்வீட்டு பாக்கெட். "வாங்க மாப்ள"ன்னாரு அப்பா. "இன்னா மச்சான், பங்களாவே கட்டிட்டீங்க போல"ன்னு மாமா சிரிச்சிக்கினே உள்ள வந்தாரு. வூட்ட பாத்ததும் சிரிப்பு கொஞ்சம் நின்னுச்சி. கட்டில் நீளம், என் மாருக்கு மேல உசரம். உள்ள எங்கயோ ஒரு மூலையில சீடை மரச் சீவலுக்குள்ள தூங்கிக்கினு இருக்குது, இருக்குற எடமே தெரியல.

அத்தை கதவோரமா நின்னுக்கினு இருந்துது. மாமா அத பாத்து சொன்னாரு: "அம்மாகிட்ட பேசிட்டேன். ஹால்லயே வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க. வண்டி கொண்டாந்துருக்கேன், அப்பிடியே ஏத்திக்கினு போயிரலாம். வேலயப் பத்தில்லாம் அப்புறம் மெதுவா பேசிக்கலாம். கெளம்பு."

அத்தை அப்பாவ பாத்துச்சி. அப்பா, "தூக்குங்க மாப்ள, நான் ஒரு பக்கம் புடிக்கறேன்"னாரு. நான் போயி அந்த வூட்ட ஒட்டிக்கினு நின்னேன்.

சீடைய முட்டாய் டப்பாவுக்கு மாத்தி, சீவலையும் மண்ணையும் சாக்குல வாரிட்டு, அப்பா, மாமா, டிரைவர் மூணு பேரும் வூட்ட தூக்குனாங்க. வாசக்கால் வரிக்கும் வந்துச்சி. அங்க முட்டிக்கினு நின்னுச்சி. சாய்ச்சி பாத்தாங்க. படுக்கப் போட்டு பாத்தாங்க. திருப்பி, உசரத்த அகலமாக்கி பாத்தாங்க. எப்பிடி திருப்புனாலும் ஒரு நாலு வெரக்கட வெளிய நிக்குது. மாமா வேர்த்து ஊத்திக்கினு வாசக்கால பாக்கறாரு, பொட்டிய பாக்கறாரு.

"அளவு தப்பிப் போச்சி மாப்ள"ன்னாரு அப்பா.

பக்கத்து நெலத்துக்காரன் வரப்ப ஒரு வெரக்கட நகத்திப் போட்டா, நடந்து போறப்பவே கண்டுபுடிச்சி சண்டைக்கு போற மனுசன் எங்கப்பா. அவருக்கே அளவு தப்பிப் போச்சேன்னு எனக்கு பாவமா இருந்துது.

டிரைவர் தான் சும்மா இருக்காம, "இதுல இன்னா இருக்குது, எல்லாம் ஸ்குரு தான. கழட்டிட்டு அங்க போயி மாட்டிக்கலாம். அர மணி நேர வேல"ன்னாரு.

அப்பா பொட்டிய மெதுவா கீழ எறக்கி நிமித்தி வெச்சாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஸ்குரு டிரைவர் எங்கடா? பாரு"ன்னாரு.

அது எங்கயும் போவல. டிவி மேல இருந்துது. மஞ்சக் கைப்பிடி போட்ட பெரிய ஸ்குரு டிரைவர், டிவிக்கு மேல வெட்ட வெளியில, வெளிச்சம் பட்டுக்கினு கெடக்குது. அப்பா நிக்கற எடத்துலேர்ந்து கைய நீட்டுனா எட்டும். நான் அத பாத்தேன். பாத்துட்டு நேரா சமையக்கட்டுக்கு போனேன். கரண்டி டப்பாவ உருட்டுனேன். மாட்டுக் கொட்டாய்க்கு ஓடுனேன், வைக்கலுக்குள்ள எல்லாம் தேடுனேன். மூச்சி வாங்க ஓடியாந்து, "இல்லப்பா, காணம்"னேன். பொய் சொல்றப்ப நான் தரைய பாப்பேன், அன்னிக்கி நல்லா நேரா பாத்து சொன்னேன்.

"காணமாம்"னாரு அப்பா, மாமாகிட்ட.

அம்மா டீ டம்ளர்ங்கள தட்டுல வெச்சி எடுத்தாந்துச்சி. தட்ட வெக்க எடம் இல்லாம டிவி மேலயே வெச்சிது. ஸ்குரு டிரைவர ஓரமா கையால தள்ளிட்டு அதும் பக்கத்துல வெச்சிது. "டீ ஆறுது"ன்னுச்சி.

மாமா டீ எடுக்க டிவி கிட்ட வந்தாரு. டம்ளர எடுத்தாரு. எடுத்துட்டு அங்கயே, தலைய குனிஞ்சிக்கினு, கொஞ்ச நேரம் நின்னாரு. போச்சி, மாட்டிக்கினோம்னு நான் கண்ண மூடிக்கினேன். அவரு மெதுவா அத்தை பக்கம் திரும்பி கேட்டாரு:

"வூடு கெடக்கட்டும். டப்பாவுலயே எடுத்துக்கினு வரியா? வேற கூண்டு வாங்கிக்கலாம்."

"அதுக்கு இங்க வூடு இருக்குதுங்க"ன்னுச்சி அத்தை. கோவமா சொல்லல, அழுதுக்கினும் சொல்லல. டப்பாவ கையில புடிச்சிக்கினு, சாதாரணமா சொல்லுச்சி.

மாமா டீய முழுசா குடிச்சாரு. டம்ளர மறுபடியும் அதே எடத்துல, அந்த மஞ்சக் கைப்பிடிக்கு பக்கத்துல, சத்தம் வராம வெச்சாரு. "சரி மச்சான். வரேன்"னாரு. என் தலைய ஒரு தடவ கலச்சி வுட்டுட்டு போனாரு. மாப்ள வந்த வண்டி வெறுமனே போவக் கூடாதுன்னு அம்மா ஒரு மூட்ட மல்லாட்டைய ஏத்தி அனுப்புச்சி. குட்டியானையில நடுவுல அந்த ஒத்த மூட்ட மட்டும் உருண்டுக்கினு போச்சி.

அத்தை அப்புறம் திண்டிவனத்துல ஒரு லேப்ல சேந்துருச்சி. இன்னிக்கும் அங்க தான். எனக்கு ரத்தம் எடுக்கறப்ப மட்டும் நரம்பு கெடைக்கலன்னு வேணும்னே ரெண்டு தடவ குத்தும். சீடை அந்த பங்களாவுல ராஜாவாட்டம் இருந்துட்டு, அதுங்களுக்கு உண்டான ஆயுசு முடிஞ்சி போச்சி. கொய்யா மரத்துக்கு கீழ பொதச்சது அப்பா தான்.

வண்டி போன அன்னிக்கி, எல்லாரும் அவங்கவங்க வேலைக்கு போனதும், நான் டிவி மேலேர்ந்து அத எடுத்துக்கினு போயி அப்பாகிட்ட நீட்டுனேன்.

"கெடச்சிருச்சிப்பா."

"எங்க இருந்துது?"

"இங்கயே தான்."

"அப்பிடியா"ன்னாரு. வாங்கிக்கினு, வாசக்கால்ல இடிச்சதுல லூசாயிருந்த ஒரு ஸ்குருவ முறுக்குனாரு. அத்தை சீவலையும் மண்ணையும் திரும்ப கொட்டி சீடைய உள்ள வுட்டுச்சி. அது மூலைக்கு ஓடி மண்ணுல பொரள ஆரமிச்சிது. மூணு பேரும் கண்ணாடி வழியா பாத்துக்கினு இருந்தோம். எனக்கு சிரிப்ப அடக்க முடியல. அவ்ளோ பெரிய ஸ்குரு டிரைவரு, கண்ணுக்கு நேரா கெடந்துருக்குது, பக்கத்துலயே நின்னுக்கினு ஒருத்தருக்கும் தெரியல. ஒரு பக்கம் ஜெயிச்ச சந்தோசம், இன்னொரு பக்கம் எனக்கு நெஜமாவே கவலையா போச்சி. திண்டிவனத்துல கண்ணு ஆஸ்பத்திரி இருக்குது. அப்பா, அம்மா, அத்தை, மூணு பேரையும் ஒரு நாளு கூட்டிக்கினு போயி காட்டிரணும்னு முடிவு பண்ணேன். மாமாவையும்.